இடது தொடையில் வெட்டாத முடி

போன மாதம் ஒரு டாக்டர் பெண் எனக்குப் போன் செய்தார். நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடை மருந்தகத்துக்கு இப்போது அவர்தான் டாக்டர். புதுக் கட்டடம் வந்துவிட்டதாம். பழைய இரும்பு அலமாரிக்குப் பெயின்ட் அடித்து அங்கே கொண்டுபோகப் போகிறார்களாம். கதவைத் திறந்தால் உள்பக்கம் சிவப்பு எனாமலில் கொட்டை எழுத்தில், ‘மஞ்சள் மருந்து நாய்க்குக் கிடையாது’ என்று எழுதியிருக்கிறதாம்.

"யார் சார் எழுதினது? ஏன்னு யாருக்குமே தெரியல. எனக்கு முன்னாடி இருந்த டாக்டருங்க எல்லாரும் இங்க வழக்கம் அப்படித்தான்னு விட்டுட்டாங்க. நானும் ரெண்டு வருஷமா நாய்க்கு அதைத் தொடல. நீங்க பழைய ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொன்னாங்க. சொன்னீங்கன்னா அழிச்சிடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

"ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பொய் வாய் கூசாமல் வந்தது. பல வருடப் பழக்கம். வைத்த பிறகு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் வந்து என்ன மாமா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவளிடமும் ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு எழுபது வயதாகிவிட்டது. இந்த ஒன்றையாவது எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். பெயர் ஏகாம்பரம். எங்கள் காலத்துப் பயிற்சியில் மாடு, ஆடு, கோழி மூன்றும்தான் உயிரினம். நாயைப் பற்றி ஒரே ஒரு நாள் பாடம், அதுவும் வெறிநாய்க்கடி. மாட்டுக்குச் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, குடற்புழு மருந்து என்று பாதி சர்வீஸ் ஓடியது. அதில் எழுத ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் காலை எட்டு மணிக்கே வாசலில் முப்பது மாடு நிற்கும். பிறகு நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். வயல் போனதும் வைக்கோல் போயிற்று, வைக்கோல் போனதும் மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் விற்றார்கள். நான்கைந்து வருடத்தில் வாசலில் மாடு நின்ற இடத்தில் நாய்கள் நின்றன. தொழிற்சாலை கேட்டில் கட்டும் நாய், பிளாட் போட்ட இடத்துக்குக் காவல் நாய், வாடகை அறைப் பையன்கள் வளர்க்கும் குட்டி நாய். எல்லாவற்றின் மேலும் உண்ணி. செங்கல் இடுக்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் ஓரத்திலும் அது குடும்பம் நடத்தும். நாய்க்கு எவ்வளவு மருந்து தெளித்தாலும் சுவரில் இருப்பது மறுபடி ஏறும். சுவருக்கும் அடியுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்வேன். சரி சார் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள், அத்தோடு சரி.

உண்ணி கடிப்பதால் நாய் சாகாது. உண்ணி கொண்டுவரும் கிருமி ரத்தத்தில் இறங்குவதால்தான் சாகிறது. காய்ச்சல், சோறு தொடாது, ஈறு சுண்ணாம்பாக வெளுக்கும், சிலவற்றுக்கு மூத்திரம் காபி நிறத்தில் போகும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் சொட்டும். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. காய்ச்சலுக்கு ஒரு ஊசி, சத்துக்கு ஒரு டானிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அவையும் போய் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் டாக்டரம்மா வந்தார்.

ஒல்லியான உருவம், காட்டன் புடவை, இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். சிரித்துப் பார்த்ததில்லை, கத்தியும் கேட்டதில்லை. வந்த முதல் நாளே அலமாரிக்கு மேல் துணி சுற்றிக் கிடந்த மைக்ராஸ்கோப்பை இறக்கச் சொன்னார். எனக்கு முன்னால் இருந்தவர் அதன் மேல் பூ வைத்து ஆயுத பூஜை செய்துகொண்டிருந்தார். சந்தனத்தைச் சுரண்டியெடுக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

எனக்கு ஐம்பது வயது. அந்த வயதில் உட்கார வைத்து ரத்தத் தடவல் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். காது மடலின் ஓரத்தில் முடியை விலக்கி, ஸ்பிரிட் தடவி, அது காயும் வரை பொறுத்து, ஊசியால் ஒரு குத்து. வருகிற முதல் சொட்டைத்தான் எடுக்க வேண்டும், கிருமி அதில்தான் அதிகம் இருக்கும். கண்ணாடிச் சில்லின் ஒரு முனையில் சொட்டை வைத்து, இன்னொரு சில்லைச் சாய்த்துப் பிடித்து, ஒரே தள்ளு. நடுவில் கை நின்றால் தூக்கிப் போடு. வாயால் ஊதக் கூடாது, ஆட்டித்தான் காய வைக்க வேண்டும். அப்புறம் ஸ்பிரிட்டில் பதப்படுத்தி, சாயத்தை வடிகட்டி ஊற்றி அரை மணி நேரம். வடிகட்டாவிட்டால் சாயத் துகள் உட்கார்ந்துகொண்டு கிருமி மாதிரியே கண்ணை ஏமாற்றும். முதல் மாதம் நான் கண்டுபிடித்த கிருமியெல்லாம் துகள்தான்.

"ஜோடி தெரியுது மேடம்" என்பேன். வந்து குனிந்து பார்ப்பார்.

"எங்க தெரியுது?"

"அந்த சிவப்பணுவுக்குள்ள இருக்கற மாதிரி..."

"மாதிரியெல்லாம் வேணாம் ஏகாம்பரம். நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. நினைக்கிறதைச் சொல்லாதீங்க."

ஒரு நாளைக்குப் பத்து முறை இதைச் சொல்வார். எரிச்சலாக வரும். ஆனால் ஆறு மாதத்தில் எனக்குக் கண் பழகிவிட்டது. சிவப்பணுவுக்குள் கூர்முனை சேர்ந்து ஜோடியாக உட்கார்ந்திருந்தால் அது ஒரு நோய். அதற்கு மஞ்சள் மருந்து. வெள்ளணுவுக்குள் கொத்தாகக் கருநீலத்தில் தெரிந்தால் அது வேறு நோய். அதற்கு நான்கு வாரம் விடாமல் மாத்திரை. நாய் ஒரு வாரத்தில் சோறு தின்ன ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டாம் மாதம் மூக்கில் ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்ய? டாக்டரம்மா திட்ட மாட்டார். மறுபடி முதல் நாளிலிருந்து எழுதிக் கொடுப்பார்.

மஞ்சள் மருந்து உண்மையில் மாட்டுக்கு வந்தது. பொட்டலத்தில் மஞ்சள் பொடியாக இருக்கும். பதினைந்து மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு பெரிய மாட்டுக்குச் சரி. அதே கரைசலில் இருபது கிலோ நாய்க்கு ஒரு மில்லிதான். ஜோடிக் கிருமிக்கு அதைப்போல இன்னொன்று எங்களிடம் கிடையாது. எழுந்து நிற்க முடியாத நாய் மூன்றாம் நாள் வாலாட்டிக்கொண்டு வரும். ஆனால் மாடு தாங்குவதை நாய் தாங்காது. ஒரு முறை போட்டுவிட்டு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இன்னொரு முறை போட்டால் மூளையில் ஏறிவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இங்கேதான் எங்கள் ஊரின் தொல்லை வருகிறது. கிராமத்து மாட்டை எப்போதும் ஒரே ஆள்தான் பிடித்து வருவான். தொழிற்சாலை நாயோ ஷிப்டுக்கு ஒருவன் கையில். காலையில் ஒருவன் வருவான், மறுநாள் வேறொருவன் வருவான். நாம் எழுதிக் கொடுத்த சீட்டு கேட் ஆபீசில் ஏதாவது ஃபைலுக்குள் கிடக்கும். கேட்டால், நான் இன்னைக்குத்தான் ட்யூட்டி சார் என்பான்.

அதற்காக டாக்டரம்மா ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். மஞ்சள் மருந்து போட்ட நாய்க்கு இடது தொடையில் தீப்பெட்டி அளவுக்கு முடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும். முதலில் முடி, பிறகுதான் ஊசி. அது வளர்ந்து மூட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தச் சதுரத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அந்த மருந்தைத் தொடக் கூடாது. "சீட்டு தொலையும், ஆள் மாறும். தொடை நாயோடவே வரும்" என்றார். மூன்று வருடம் ஒரு பிசகு இல்லாமல் நடந்தது.

பேச்சிமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரகடம் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் காவல் ஏஜென்சி மூலம் நாய் பிடிக்கிற வேலை. அங்கே இரண்டு அல்சேஷன் நாய்கள், ஒரே ஈற்று, பெயர் சீசர், சுல்தான். பேச்சிமுத்துவுக்குச் சீசர். அவனுக்கு வேலை கொடுத்ததே சீசருக்காகத்தான். ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஆளும் நாயும் சேர்ந்து ஒரு போஸ்ட். வல்லம் வடகாலில் ஆறு பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தான். ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம். பிரசவம் முடிந்ததும் இங்கேயே தனியாக ஒரு வீடு பார்த்துக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

ஒரு வியாழக்கிழமை காலை சீசரைக் கூட்டி வந்தான். டாக்டரம்மா அன்று காஞ்சிபுரத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நாய்க்குக் காய்ச்சல் கொதித்தது, ஈறு வெளுத்திருந்தது. தடவல் எடுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ஜோடி ஜோடியாக இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டால் காத்திருக்காமல் போடுங்கள் என்று அவர் எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். எடை போட்டேன், முப்பது கிலோ. ஒன்றரை மில்லி எடுத்து வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தேன்.

பேச்சிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், கோவிச்சுக்கிடாதிய. முடிய மட்டும் வெட்டாண்டாம் சார்."

"ஏன்?"

"நாளைக்கு வெளிநாட்டுக்காரவ வாராவ. ரெண்டு நாயையும் கேட்டுல நிப்பாட்டணும். போன தடவ உண்ணி கடிச்சு முடி கொட்டுனதுக்கே ஆபீசர் என்னைய நிக்க வச்சு கேட்டாரு, இது நாயா இல்ல சொறி புடிச்ச ஆடான்னு. இன்னொரு தடவ இப்படி இருந்துச்சுன்னா போஸ்ட்ட கேன்சல் பண்ணிருவேன்னுட்டாரு. சனிக்கெழம காலையில நானே கூட்டியாந்து வெட்டிக்கிடுதேன் சார். நான்தான புடிக்கேன் இத, வேற யாரு கொண்டாரப் போறா?"

நாய் அவன் கால் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. டாக்டரம்மா இல்லாத நேரத்தில் நானே முடிவு செய்கிற ஆள் என்று காட்டிக்கொள்கிற பெருமை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஊசி போட்டேன். பதிவேட்டில், ‘அல்சேஷன், ஆண், மூன்று வயது’ என்று எழுதிக் கம்பெனி பெயரையும் மருந்தையும் எழுதினேன். நாயின் பெயரை எழுதும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மாட்டுக்கு யார் பெயர் எழுதினார்கள்?

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வந்து போனார்கள். பேச்சிமுத்து சீசரோடு இரண்டு ஷிப்ட் தொடர்ந்து வெயிலில் நின்றான். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை அவனுக்கு லீவ் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் முழுதாக விடாத நாய், வெயிலில் நின்றது, சனிக்கிழமை காலை வாந்தி எடுத்தது. கேட்டில் நின்ற உள்ளூர்க் காவலாளி ஒருவனிடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சங்கிலியைக் கொடுத்தார்கள்.

அன்று நான் மணிமங்கலம் பக்கம் கோமாரித் தடுப்பூசி முகாமில் இருந்தேன். மருந்தகத்தில் டாக்டரம்மா தனியாக இருந்தார். நடந்ததைப் பிறகு அவரே சொன்னதால் எனக்குத் தெரியும். பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். வியாழக்கிழமை ஒரு அல்சேஷனுக்கு மஞ்சள் மருந்து போட்டிருப்பது தெரிந்திருக்கிறது.

"இது வியாழக்கிழமை வந்த நாயா?"

"எனுக்குத் தெரியாது மேடம். நான் கேட்டு செக்யூரிட்டி. ரெண்டும் ஒரே மாரிதான் கீது. இது வாந்தி எடுத்துக்கினு கெடந்துச்சு, இட்டுனு போன்னாங்க, வந்தேன்."

இடது தொடையைப் பார்த்தார். வலது தொடையையும் பார்த்தார். முடி அடர்த்தியாக, எண்ணெய் தடவிச் சீவி விட்டபடி இருந்தது. அப்படியானால் இது இன்னொரு நாய் என்று முடிவு செய்தார். தடவல் எடுத்தார், ஜோடி தெரிந்தது. வழக்கமாகப் பொடியைக் கரைப்பவன் நான். அன்று நான் இல்லாததால் பொட்டலத்தைப் பிரித்து அவரே கரைத்தார். ஒன்றரை மில்லி போட்டார். இடது தொடையில் அழகாக ஒரு சதுரம் வெட்டினார்.

மதியம் நான் திரும்பி வந்தபோது கை கழுவிக்கொண்டிருந்தார். "அந்தக் கம்பெனியோட இன்னொரு நாயும் வந்துச்சு ஏகாம்பரம். அதுக்கும் அதே நோய்தான். போட்டு அனுப்பிட்டேன்."

ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனேன். கூண்டில் சுல்தான் தொடையில் முழு முடியோடு குரைத்தது. சீசர் மூலையில் படுத்திருந்தது. தொடையில் சதுரம்.

திரும்பி வந்தேன். அவர் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று எதிரில் போய் நின்றேன். என்ன என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். "முகாம்ல நூத்திப்பத்து மாடு மேடம்" என்றேன். எனக்கு மெமோ வரும் என்று பயமில்லை. அவர் என்னை இனிமேல் வேறு விதமாகப் பார்ப்பார், அதுதான் பயம். சொன்னாலும் மாற்று மருந்து இல்லையே, ஒருவேளை நாய் தாங்கிவிட்டால் எதற்கு வீணாகச் சொல்வானேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். என்ன மனுஷன் நான்!

நாய் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலை கம்பெனி வேனில் பேச்சிமுத்து அதை மடியில் போட்டுக் கொண்டு வந்தான். கழுத்து பின்பக்கம் வளைந்திருந்தது. கண்மணி இரண்டும் ஓயாமல் பக்கவாட்டில் ஓடின. படுத்தபடியே நான்கு காலும் ஓடிக்கொண்டிருந்தன. இழுப்புக்கு ஊசி, வீக்கத்துக்கு ஊசி, குளுக்கோஸ், எல்லாம் டாக்டரம்மா போட்டார். அந்த இரண்டு நாளும் நாயை விட்டு நகரவில்லை. இருந்த இடத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமல் மூடினார். பேச்சிமுத்து அதன் காதுக்குள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். சதுரத்தைத் தடவுவான், என்னைப் பார்ப்பான், நான் வேறு பக்கம் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கால்கள் ஓடுவது நின்றது.

"எதுனால மேடம் இப்படி ஆச்சு?" என்று கேட்டான்.

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "என் கையாலதாம்பா ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார்.

அவன் வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது, அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் போன பிறகு காலிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பதினஞ்சு மில்லி ஊத்தினேனா, பத்து ஊத்தினேனா ஏகாம்பரம்? நான் கரைச்சது அன்னைக்கு மட்டும்தான். எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகத்துக்கு வரல. தண்ணி குறைச்சலா ஊத்தியிருக்கணும். வேற காரணமே இல்ல."

அளக்காமல் ஒரு சொட்டு மருந்து எடுக்காதவர், தன் கையைத் தானே சந்தேகப்பட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பேச்சிமுத்து பையோடு வந்தான். நாய் இல்லாத ஆளுக்குப் போஸ்ட் இல்லை என்று ஏஜென்சி சொல்லிவிட்டதாம். வேறு வேலை கேட்டதற்கு, அல்சேஷனைச் சாக விட்டவன் என்று எழுதி வைத்துவிட்டார்களாம். ஊருக்குப் போகிறான். கையில் சீசரின் சங்கிலி இருந்தது.

"நான்தான சார் வெட்டாதியன்னு சொன்னேன்" என்றான். "நீங்க வெட்டத்தான போனிய, நான்தான் கையப் புடிச்சேன். ஒங்க மேல தப்பு இல்ல. நான் யார்ட்டயும் சொல்லல. என் நாய நானே கொன்னுட்டேன் சார்."

இல்லடா, கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். "ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடுப்பா" என்றேன். லெட்டர் வரவில்லை. குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதே வாரம்தான் டாக்டரம்மா சிவப்பு எனாமல் வாங்கி வரச் சொன்னார். இனி இந்த மருந்தகத்தில் மஞ்சள் மருந்து மாட்டுக்கு மட்டும்தான் என்றார். "நான் மறுபடி தப்பு பண்ணுவேன். எனக்கு அப்புறம் வர்றவங்களும் பண்ணுவாங்க. எழுதி வச்சிடலாம். உங்க கையெழுத்து நல்லாருக்கும், நீங்களே எழுதுங்க." எழுதினேன். கோடு போட்டு, எழுத்து ஒரே அளவில் வரும்படி, மெனக்கெட்டு எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு நாயின் பாவம் என்று இருந்திருக்கும்.

மழைக்காலம் முடிந்த சமயம் வடகாலிலிருந்து தனலட்சுமி என்ற அம்மாள் ஒரு நாட்டு நாயைச் சாக்கில் வைத்து சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தார். நிலம் போவதற்கு முன் நான்கு மாடு வைத்திருந்தவர். பழைய பழக்கம். நாயின் மூத்திரம் காபி மாதிரி போகிறது என்றார். தடவல் எடுத்தேன். அவ்வளவு ஜோடியை ஒரே சில்லில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாத்திரை எழுதினார், இரும்புச் சத்து எழுதினார், குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

"சார், மஞ்சா ஊசி போடலியா?" என்று தனலட்சுமி என்னைக் கேட்டார். "எங்க செவலைக்கு இதே மாரி மூத்திரம் போச்சே, நீதான வூட்டாண்ட வந்து போட்ட? மறாநாளே தெளிஞ்சிச்சே. அதப் போடேன் சார் இதுக்கும்."

"அது நாய்க்கு ஆகாதும்மா."

"இன்னா சார் ஆகாது? மாட்டுக்கு ஆவுறது நாய்க்கு ஆவாதா? ஒன்னே ஒன்னு போடு சார். மாடுங்கதான் போச்சு, இதுவாச்சும் இருக்கட்டுமே."

அலமாரி மூன்றடி தூரத்தில் இருந்தது. உள்ளே பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. அந்த நாய் பதினைந்து கிலோ, முக்கால் மில்லி போதும். நான் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "வேணாம் ஏகாம்பரம்" என்றார். சரி மேடம் என்றேன். நான்காம் நாள் தனலட்சுமி வெறும் சாக்கைக் கொண்டுவந்து மீதி மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாருக்காவது ஆகும் என்றார்.

அதற்குப் பிறகு எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணப் பயம். மாத்திரையிலேயே சில பிழைத்தன. பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் லென்ஸில் ஜோடியைப் பார்ப்பேன், போய்ச் சொல்வேன், அவர் மாத்திரை எழுதுவார். சொல்ல வேண்டிய வாக்கியம் சின்னதுதான். மேடம், அன்னைக்கு நான் முடி வெட்டல. இந்த ஐந்து வார்த்தைக்காக அத்தனை நாயும் செத்தது. நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாயிற்று. முதல் வாரம் சொல்லியிருந்தால் ஒரு நாய், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் இத்தனை நாய் என்று கணக்கு என் முன்னால் வந்து நின்றது.

டாக்டரம்மா ஓய்வு பெற்ற நாள் சின்னதாக டீயும் மிக்சரும் வைத்தோம். எல்லாரும் போன பிறகு மைக்ராஸ்கோப்பைத் துடைத்து உறை போட்டார். போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏகாம்பரம், சர்வீஸ்ல என் கையால செத்தது ஒன்னே ஒன்னு. இன்னும் எனக்கு மனசு ஆறல. ஒரு தடவ நினைச்சுப் பார்த்தேன், ஒருவேளை அது முதல்ல வந்த நாயேதானோன்னு. நீங்க அதோட கடைசி ரெண்டு நாளும் கூட இருந்தீங்க இல்ல. நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க. என் சதுரத்தைத் தவிர அந்த நாய் உடம்புல வேற எங்கயாவது முடி வெட்டின அடையாளம் இருந்துச்சா?"

பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"இல்லை மேடம்."

தலையை ஆட்டினார். "அப்ப தண்ணிதான்" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். கம்பெனி பஸ்களாக வந்துகொண்டிருந்தன, ஒன்றும் நிற்கவில்லை. ஊர் பஸ் வரும் வரை நான் மருந்தக வாசலில் நின்று பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்ல இருபது நிமிடம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவர் மகள், அம்மா உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவாங்க, கண் அவ்வளவு சுத்தம்னு சொல்லுவாங்க என்றாள். மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டாக்டர், நீங்கள் போனில் கேட்டதற்கு இதுதான் பதில். அந்த எழுத்து என்னுடையது, தாராளமாக அழித்துவிடுங்கள். எடை போட்டு, அளந்து, ஒரே ஒரு முறை போடுங்கள், முதலில் இடது தொடையில் முடியை வெட்டிவிட்டு. யார் கையைப் பிடித்தாலும் வெட்டுங்கள். பழைய பதிவேடுகள் இன்னும் இருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ‘கரைசலில் என் பிழை’ என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே என் பெயரைப் போட்டு இதை எழுதிவிடுங்கள். அவர் பதினைந்து மில்லிதான் ஊற்றினார், ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.